டோனிஸ் சோக்கோலோன்லி சாக்லேட்: சுவையும் அதன் பின்னாலுள்ள விலைக்கணக்கும்

டோனிஸ் சோக்கோலோன்லி என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் 180 கிராம் பால் சாக்லேட், அதே எடையுள்ள 70 விழுக்காடு டார்க் சாக்லேட் ஆகிய இரண்டைப் பற்றிய மதிப்புரை இது. சாக்லேட் மதிப்புரை என்றால் சுவை, மணம், விலை ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் இந்த நிறுவனம், கோகோ விவசாயியின் வாழ்க்கை மாற வேண்டுமானால் எங்கள் சாக்லேட்டை வாங்குங்கள் என்று சொல்லி விற்கிறது. அந்தச் சொல்லை நம்பி, ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கும் இளைஞர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதையும் சேர்த்து எடைபோடாவிட்டால் இந்த மதிப்புரை அரைகுறையாகவே இருக்கும். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பால் சாக்லேட் நன்று, டார்க் சாக்லேட் சுமார், இரண்டுக்கும் பின்னாலுள்ள கொள்முதல் முறை, பெருங்கடைகளில் கிடைக்கும் சாக்லேட்டுகளில் மிகவும் நேர்மையானவற்றுள் ஒன்று. அந்த நேர்மையை அளப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். கோகோ விளையும் ஊரில் பிறந்த இளைஞர் ஒருவர் தம் பெற்றோரின் தோட்டத்தைத் தொடர்ந்து நடத்த முன்வரும் அளவுக்கு இந்தச் சாக்லேட்டிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வருமானம் போய்ச் சேருகிறதா என்பதே அது.

முதலில் பொருளைப் பார்ப்போம். பால் சாக்லேட்டின் மேலுறை பளிச்சென்ற சிவப்பு நிறத் தாள். அதற்குள் மெல்லிய அலுமினியத் தாள். உறையைக் கிழிக்காமல் பிரித்தால் அதன் உட்புறத்திலும் அச்சிட்டிருப்பது தெரியும். நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டது, கோகோவை எந்த விதிகளின்படி வாங்குகிறது என்பதைச் சுருக்கமாக அங்கே எழுதியிருக்கிறார்கள். சாக்லேட் கட்டி தடிமனானது. கையில் எடுத்தாலே கனம் தெரிகிறது. வழக்கமான சாக்லேட்டுகளில் காணும் ஒரே அளவுச் சதுரங்கள் இதில் இல்லை. ஒரு துண்டு உள்ளங்கையை நிறைக்கிறது, பக்கத்துத் துண்டு விரல் நுனி அளவே இருக்கிறது, பிரிக்கும் கோடுகளும் கோணல்மாணலாக ஓடுகின்றன. சாக்லேட் தொழிலின் வருமானம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை உணர்த்துவதற்காக வேண்டுமென்றே இப்படி வார்த்திருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் கீழ்வரிசைத் துண்டுகள் ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாக் கரையோரத்தின் வரைபடமாக அமைந்திருப்பதும் புலப்படும். இடமிருந்து வலமாக ஐவரி கோஸ்ட், கானா, டோகோவும் பெனினும் சேர்ந்த ஒரு துண்டு, நைஜீரியா, கேமரூனின் ஒரு பகுதி என்று அது நீள்கிறது.

இந்த வடிவத்தைக் குறைசொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உடைப்பது உண்மையிலேயே கடினம். மேசை விளிம்பில் தட்டியோ கத்தியின் துணையோடோதான் பெரிய துண்டுகளைப் பிரிக்க முடிகிறது. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்குக் கட்டாயம் குறைந்துபோகும். ஆயினும் இதை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. எனக்கு மட்டும் ஏன் சின்னத் துண்டு என்று ஒரு சிறுவன் கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்போதே கோகோவைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது. வேறெந்தச் சாக்லேட்டும் சாப்பிடுபவரிடம் அந்தப் பேச்சைக் கட்டாயப்படுத்துவதில்லை.

சுவையில் பால் சாக்லேட் தாராளமான இனிப்பு. சேர்மானப் பட்டியலில் முதலில் வருவது சர்க்கரை, அடுத்தது பால்பொடி, அதன் பிறகே கோகோ வெண்ணெயும் கோகோ விழுதும். மொத்தக் கோகோ அளவு 32 விழுக்காடு. மலிவான பால் சாக்லேட்டுகள் பலவற்றில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். தடிமன் காரணமாக வாயில் கரைய நேரம் எடுக்கிறது. முதலில் பாலின் கொழுப்பும், பிறகு கேரமல் போன்ற காய்ச்சிய சர்க்கரை வாசமும், கடைசியில்தான் கோகோவின் இலேசான கசப்பும் வருகின்றன. பிசுபிசுப்போ மெழுகுத் தன்மையோ இல்லை. டார்க் சாக்லேட் என்னை அந்த அளவுக்குக் கவரவில்லை. கசப்பு சீராக இருக்கிறது, நாக்கை உறுத்தும் புளிப்பு இல்லை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்கக் கோகோவுக்கே உரிய அந்த ஆழமான, நேரான சாக்லேட் சுவையைத் தாண்டி வேறொன்றும் நாவில் தங்குவதில்லை. ஒரே தோட்டத்துக் கோகோவைச் சிறிய அளவில் வறுத்து அரைத்துச் செய்யும் கைவினைச் சாக்லேட்டுகளில் பழக்கப்பட்டவர்களுக்கு இது தட்டையாகத் தோன்றும். அன்றாடம் இரண்டு துண்டு சாப்பிடுபவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது.

அந்தச் சுவையின் பெரும்பகுதி தொழிற்சாலையில் பிறப்பதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காயை மரத்திலிருந்து அறுத்து, தோட்டத்திலேயே உடைத்து, வெள்ளைச் சதையோடு ஒட்டியிருக்கும் கொட்டைகளை வழித்தெடுத்து, வாழை இலைகளின் மேல் குவித்து, மேலும் இலைகளால் மூடி ஐந்து முதல் ஏழு நாள் வரை புளிக்க வைக்கிறார்கள். இடையில் கிளறிவிட வேண்டும். குவியலின் உள்ளே சூடு ஏறி, கொட்டையின் முளைப்புத் திறன் அழிந்து, சாக்லேட் வாசத்துக்கான மூலப்பொருட்கள் அப்போதுதான் உருவாகின்றன. அதன் பிறகு மூங்கில் தட்டிகளில் பரப்பி, நாள்தோறும் துழாவி, மழை வந்தால் சுருட்டி மூடி, ஒரு வாரத்துக்கும் மேல் வெயிலில் காயவைக்க வேண்டும். இதில் எந்த நாளைச் சுருக்கினாலும் கொட்டை தரம் கெட்டோ பூசணம் பிடித்தோ போகும். இந்த வேலை முழுவதும் விவசாயக் குடும்பத்தின் கையாலேயே நடக்கிறது. உலகக் கோகோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டே நாடுகளில் விளைகிறது. அதை விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் சில ஹெக்டேர் மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயிகள்.

டோனிஸ் நிறுவனம் 2005-இல் தொடங்கியது. கோகோத் தோட்டங்களில் குழந்தைகள் வேலை வாங்கப்படுவதைப் பற்றிச் செய்தி சேகரித்து வந்த டச்சுப் பத்திரிகையாளர் டியூன் வான் டி கியூகன் (Teun van de Keuken), பெரிய நிறுவனங்கள் பதில் சொல்ல மறுத்ததால், சட்டத்துக்குப் புறம்பான முறையில் விளைந்ததென்று தெரிந்தே சாக்லேட் சாப்பிட்ட குற்றத்துக்காகத் தம்மைத் தண்டிக்கும்படி நீதித்துறையை அணுகினார். அது நடக்காதபோது தாமே ஒரு சாக்லேட்டைத் தயாரித்துக் காட்ட முற்பட்டார். அன்று தொடங்கிய சிறு முயற்சி இன்று பல நாட்டுக் கடைகளில் விற்கும் பெரிய நிறுவனமாகிவிட்டது. அதன் கொள்முதல் விதிகள் ஐந்து. கொட்டை எந்தக் கூட்டுறவிலிருந்து வந்தது என்று தடம் காணத்தக்கதாக இருக்க வேண்டும். அரசு விலைக்கு மேல் கூடுதல் தொகை தர வேண்டும். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களை வலுப்படுத்த வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுக்கு வாங்குவதாக உறுதி தர வேண்டும். தரத்தையும் விளைச்சலையும் உயர்த்தத் துணைநிற்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டையும் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நிலைத்த கோகோ, அதாவது விவசாயியையும் இயற்கையையும் கெடுக்காமல் விளைந்த கோகோ, என்று உறையில் அச்சிட்டு விற்கும் பெரும்பாலான சாக்லேட்டுகள் தடுமாறுவது அந்த இரண்டில்தான்.

விவசாயிக்கு நியாயமான வணிகம், காட்டுக்குக் கேடில்லாத சாகுபடி போன்றவற்றுக்கான ஃபேர்டிரேட், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் ஆகிய சான்று முத்திரைகளைப் பார்த்து வாங்குபவர்கள், அந்த உறைக்குள் இருக்கும் கோகோ சான்று பெற்ற தோட்டத்திலிருந்து வந்தது என்றே நினைக்கிறார்கள். பல சமயம் அப்படியில்லை. இரண்டு அமைப்புகளுமே எடைச் சமன்பாடு என்ற முறையை அனுமதிக்கின்றன. அதாவது, நிறுவனம் நூறு டன் சான்று பெற்ற கொட்டையை வாங்கியிருந்தால், ஆலைக்குள் அது மற்றக் கொட்டையோடு கலந்துவிட்டாலும், நூறு டன்னுக்கு ஈடான சாக்லேட்டின் மீது முத்திரையைப் பதித்துக்கொள்ளலாம். சான்று பெற்ற விவசாயிக்குரிய தொகை போய்ச் சேர்ந்துவிடுவதால் இது மோசடியில்லை; சிறிய கூட்டுறவுகளும் பெரிய ஆலைகளுக்கு விற்க இதுவே வழிசெய்கிறது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் சாப்பிடும் துண்டின் கொட்டையை எந்த ஊர்க் குடும்பம் உலர்த்தியது, அந்தக் குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்ற கேள்விக்கு அந்த முறையில் விடையே கிடைக்காது. டோனிஸ் தன் கொட்டையை மற்றவற்றோடு கலக்காமல் தனியே கொண்டுவந்து தனியே அரைக்கச் செய்கிறது. எந்தக் கூட்டுறவுகளிடமிருந்து வாங்குகிறது என்பதும் அதற்குத் தெரியும். பால் சாக்லேட்டில் இந்த விஷயம் மேலும் முக்கியமானது. அதில் சேரும் கோகோ வெண்ணெயின் மூலத்தைக் கண்டறிவது கோகோ விழுதைவிடக் கடினம். வெண்ணெய்க்கும் தடம் காணும் ஏற்பாட்டை இந்த நிறுவனம் பிற்காலத்தில் செய்துமுடித்தது.

இனி விலை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 400 முதல் 500 கிலோ வரை உலர்ந்த கொட்டை கிடைப்பது இயல்பு. மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐவரி கோஸ்ட் அரசு 2023 அக்டோபரில் அறிவித்த விலை கிலோவுக்கு 1,000 சி.எஃப்.ஏ. ஃபிராங்க் (அந்நாட்டு நாணயம்), அது சுமார் ஒன்றரை யூரோ. ஆக, ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பத்தின் மொத்த வரவு இரண்டாயிரம் யூரோவை ஒட்டி நிற்கிறது. பூச்சிமருந்து, உரம், கூலி ஆகிய செலவுகள் இதிலிருந்துதான் போக வேண்டும்.

அதே விலையில் 180 கிராம் பால் சாக்லேட்டில் விவசாயியின் பங்கு என்ன என்று பார்ப்போம். 32 விழுக்காடு கோகோ என்றால் ஏறக்குறைய 58 கிராம். ஓடு, கழிவு போகத் தேவைப்படும் உலர்ந்த கொட்டை 70 கிராமுக்குச் சற்று மேல், அதாவது இரண்டு காய்களின் விளைச்சல். அதற்கு விவசாயிக்குக் கிடைத்தது 11 யூரோ சென்ட். அந்தத் தொகையை இரட்டிப்பாக்கினாலும் சாக்லேட்டின் அடக்கவிலை மேலும் 11 சென்ட்தான் கூடும். எழுபது விழுக்காடு டார்க் சாக்லேட்டுக்கு நான்கு காய் வேண்டியிருப்பதால் அது 24 சென்ட் அளவுக்குப் போகும். வாங்குபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விவசாயிக்கு நல்ல விலை கொடுத்தால் சாக்லேட் எட்டாக்கனி ஆகிவிடும் என்ற வாதம் இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது. டோனிஸ் சாக்லேட்டின் கூடுதல் விலை முழுவதும் விவசாயிக்குப் போகிறது என்று எண்ணுவதும் இதே காரணத்தால் தவறு. தனியே அரைப்பது, கண்காணிப்பது, விளம்பரம், கடைக்காரரின் பங்கு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் விவசாயிக்குச் சேர வேண்டியதை முதலில் கணக்கிட்டு, அரசு விலைக்கும் ஒரு குடும்பம் கண்ணியமாக வாழத் தேவையான விலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பும் தொகையைத் தருவது என்ற கொள்கை சரியானது.

2024-இல் நடந்தது இந்தக் கொள்கையின் தேவையை எல்லோருக்கும் காட்டியது. நோயும் மோசமான பருவநிலையும் மேற்கு ஆப்பிரிக்க விளைச்சலைக் குறைத்ததால், நியூயார்க் சந்தையில் ஒரு டன் கோகோவின் விலை மார்ச் மாதத்தில் 10,000 டாலரைத் தாண்டியது. டிசம்பரில் 12,000-ஐயும் கடந்தது. அந்த மார்ச் மாதத்தில் ஐவரி கோஸ்ட் விவசாயிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது அதே 1,000 ஃபிராங்க்தான். சந்தையில் கிலோவுக்குப் பத்து டாலர் என்றால் அவர் கையில் இரண்டு டாலர்கூட இல்லை. ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளும் வரப்போகும் விளைச்சலின் பெரும்பகுதியை முன்கூட்டியே விற்றுவிட்டு, அந்த விற்பனையின் சராசரி விலையை வைத்து விலை நிர்ணயிப்பதே இதற்குக் காரணம். விலை விழும் ஆண்டில் விவசாயியைக் காக்கும் அதே ஏற்பாடு, விலை ஏறும் ஆண்டில் அவரைச் சந்தையிலிருந்து விலக்கி நிறுத்திவிடுகிறது. பின்னர் ஐவரி கோஸ்ட் அரசு தன் விலையை ஏப்ரலில் 1,500-ஆகவும், அக்டோபரில் 1,800-ஆகவும் உயர்த்தியது. ஆனால் விளைச்சலே குறைந்திருந்த குடும்பங்களுக்கு அந்த உயர்வு எவ்வளவு கைகொடுத்திருக்கும்?

இந்த நிறுவனத்தின் மீதான விமரிசனங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டோனிஸ் தன் கோகோவைத் தானே அரைப்பதில்லை. உலகின் மிகப் பெரிய சாக்லேட் தயாரிப்பாளர்களில் ஒன்றான பேரி கேலிபோவிடம் கொடுத்து அரைத்துக்கொள்கிறது. குழந்தைத் தொழிலாளர் தொடர்பாகப் பேரி கேலிபோ மீது வழக்கும் குற்றச்சாட்டும் இருந்த நிலையில், அடிமை உழைப்பு கலவாத சாக்லேட்டுகளைப் பட்டியலிடும் ஸ்லேவ் ஃப்ரீ சாக்லேட் என்ற அமைப்பு 2021-இல் தன் பரிந்துரைப் பட்டியலிலிருந்து டோனிஸின் பெயரை நீக்கியது. பெரிய ஆலைக்குள்ளேயே தனிப் பாதையில் கோகோவை அரைத்துக் காட்டினால்தான் மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்ற முடியும் என்பது டோனிஸின் பதில். எனக்கு அந்தப் பதில் ஏற்புடையதாகவே படுகிறது. ஆயினும் அதே ஆலையின் மற்றக் கொள்முதலைப் பற்றிக் கேள்வி எழுப்பும்போது டோனிஸ் தன் குரலை இன்னும் உயர்த்தலாம்.

அடுத்து வந்த செய்தி பலரை அதிர வைத்தது. தன் விநியோகச் சங்கிலியில் 1,701 குழந்தைத் தொழிலாளர் நிகழ்வுகள் கண்டறியப்பட்டதாக நிறுவனமே அறிவித்தது. நல்ல சாக்லேட் என்று நம்பி வாங்கிய இளைஞர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் இந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த கூட்டுறவுகளில் ஊர்ப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகள் அரிவாளைக் கையாளுகிறார்களா, கனமான மூட்டை சுமக்கிறார்களா, மருந்து தெளிக்கும் இடத்தில் இருக்கிறார்களா, பள்ளியில் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்ததால்தான் அந்த எண் வெளிவந்தது. தேடாத நிறுவனத்தின் அறிக்கையில் எப்போதும் பூஜ்யமே இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் ஆய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளின் கோகோ வட்டாரங்களில் 15.6 இலட்சம் குழந்தைகள் கோகோ வேலையில் குழந்தைத் தொழிலாளர்களாக இருந்தனர்; பத்து ஆண்டுக்கு முன் விவசாயக் குடும்பங்களில் 31 விழுக்காடாக இருந்த அவர்களின் விகிதம் 45-ஆகக் கூடியிருந்தது. குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை 2005-க்குள் ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் 2001-இல் ஹார்க்கின்–எங்கெல் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தன. அந்தக் கெடு 2008-க்கும், 2010-க்கும், பிறகு வெறும் குறைப்பு என்ற இலக்கோடு 2020-க்கும் தள்ளிப்போனது. இந்தப் பின்னணியில் 1,701 என்று தானே முன்வந்து எண்ணிச் சொல்லும் நிறுவனத்தின் மீது என் நம்பிக்கை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. குழந்தை வேலைக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் கூலியாள் வைக்கக் காசில்லாத சொந்தக் குடும்பத்தின் தோட்டத்தில்தான் என்பதால், விலையை உயர்த்தாமல் கண்காணிப்பை மட்டும் கூட்டுவதில் பயனில்லை என்பதும் இங்கே தெளிவாகிறது.

நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு இப்போது வருகிறேன். கோகோவை ஆதரிக்கும் இளைஞர்கள் என்றால் சாக்லேட்டை வாங்குபவர்களை மட்டுமே எல்லோரும் நினைக்கிறார்கள். அதை விளைவிக்க வேண்டிய இளைஞர்கள் தோட்டத்தை விட்டுப் போய்க்கொண்டிருப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கானாவில் சொந்த நிலம் இல்லாத இளைஞர் கோகோ பயிரிட விரும்பினால், அபுனு என்ற குத்தகை முறையில் ஒருவரின் நிலத்தில் மரம் நட்டு வளர்த்து, காய்ப்புக்கு வந்த பின் பாதியைப் பெறலாம். அல்லது அபுசா முறையில் வேறொருவரின் தோட்டத்தைப் பராமரித்து விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைப் பெறலாம். நட்ட கன்று காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். அதுவரை உண்ண வழி என்ன? மாவுப்பூச்சி பரப்பும் தண்டு வீக்க நச்சுயிரி தாக்கிய மரத்துக்கு மருந்தே கிடையாது. வெட்டி அகற்றிவிட்டு மறுபடியும் நட வேண்டும், மறுபடியும் அத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே கலாம்ஸே என்று அங்கே அழைக்கப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கத்தில் அன்றன்றைக்குக் கையில் காசு கிடைக்கிறது. கோகோ நின்ற நிலமே தங்கத்துக்காகத் தோண்டப்பட்டு, ஆறுகள் சேறாகி, பாதரசம் கலந்து பாழாகியிருக்கிறது. அந்த இளைஞரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாண்டுக் கொள்முதல் உறுதி என்ற டோனிஸின் விதி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது இதனால்தான். அடுத்த பருவத்தில் யார் வாங்குவார்கள், என்ன கூடுதல் தொகை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் கூட்டுறவு தன் உறுப்பினர்களுக்கு முன்பணம் கொடுக்கத் துணியும். கன்று நடும் இளைஞர் அந்தக் காத்திருப்பைத் தாங்குவார்.

ஆனால் டோனிஸ் தனியாக வாங்கும் கோகோ, உலக விளைச்சலில் மிகச் சிறிய பகுதியே. இந்த உண்மையை நிறுவனமும் உணர்ந்திருப்பதால், தன் கூட்டுறவுகளிடமிருந்து அதே ஐந்து விதிகளின்படி மற்ற நிறுவனங்களும் வாங்க வழிசெய்யும் டோனிஸ் ஓபன் செயின் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. நெதர்லாந்தின் ஆல்பர்ட் ஹைன் கடைகளின் டெலிகாட்டா சாக்லேட், ஆல்டி கடைகளின் சோக்கோ சேஞ்சர், பென் அண்ட் ஜெர்ரீஸ் ஐஸ்கிரீம் ஆகியவை இதில் சேர்ந்திருக்கின்றன. டோனிஸ் விலை அதிகம் என்று தயங்குபவர்களுக்கு இது நல்ல செய்தி. கடைகளின் சொந்தச் சாக்லேட் பொதுவாகக் குறைந்த விலைக்கு வருவதால், அதே கொள்முதல் முறைக்குத் துணைநிற்கும் சாக்லேட்டை மாணவர்களும் வாங்க முடிகிறது. என்னைக் கேட்டால், டோனிஸ் செய்த மிகப் பெரிய வேலை அதன் சிவப்பு உறைச் சாக்லேட்டைவிட இந்தத் திறந்த ஏற்பாடுதான்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கானாவின் குவாப்பா கோக்கூ என்ற விவசாயிகள் கூட்டுறவு 1993-இல் தொடங்கப்பட்டு, 1998-இல் பிரிட்டனில் அறிமுகமான டிவைன் சாக்லேட்டின் பங்குதாரராகவே ஆனது. விவசாயியே சாக்லேட் நிறுவனத்தின் உடைமையாளர்களில் ஒருவர் என்பது டோனிஸிடம் இல்லாத சிறப்பு. அதே காலத்தில் வாங்குபவர்களும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் கார்ஸ்டாங் என்ற சிற்றூர் 2000-இல் உலகின் முதல் ஃபேர்டிரேட் ஊராகத் தன்னை அறிவித்துக்கொண்டது. 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் முதல் ஃபேர்டிரேட் பல்கலைக்கழகமானது. சிற்றுண்டிச் சாலையும் அலுவலகக் கூட்டங்களும் எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்று நிறுவன அளவில் முடிவெடுக்கச் செய்ததே அந்த இயக்கத்தின் பலம். ஒரு மாணவர் மாதம் ஒரு சாக்லேட் வாங்குவதையும், அவர் படிக்கும் கல்லூரியின் விற்பனை இயந்திரங்கள் அனைத்திலும் எந்தச் சாக்லேட் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் மாறுவதையும் ஒப்பிட்டால், இரண்டாவதில் கூட்டுறவுக்குப் போய்ச் சேரும் ஆணை எத்தனையோ மடங்கு பெரியது.

ஆகவே டோனிஸை வாங்கும் இளைஞர்களுக்கு என் பரிந்துரை இப்படி இருக்கும். பால் சாக்லேட்டைத் தயங்காமல் வாங்குங்கள், பரிசளிக்கவும் ஏற்றது. டார்க் சாக்லேட்டில் நுணுக்கமான சுவையைத் தேடுபவர்கள், தோட்டத்தின் பெயரையும் விவசாயிக்குக் கொடுத்த விலையையும் வெளியிடும் சிறு தயாரிப்பாளர்களிடம் போவது நல்லது. நீங்கள் வழக்கமாகப் போகும் கடையின் சொந்தச் சாக்லேட் எந்தக் கூட்டுறவின் கோகோவால் ஆனது, அரசு விலைக்கு மேல் எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை ஆண்டுக்கு வாங்குவதாக உறுதி கொடுத்திருக்கிறார்கள் என்ற மூன்றையும் அந்தக் கடையின் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நிலைத்த கோகோவை ஆதரிக்கிறோம் என்ற பொதுவான வாசகம் மட்டும் பதிலாக வந்தால், எண்ணைக் கேட்டு மறுபடியும் எழுதுங்கள். 2020 இறுதிக்குப் பிறகு காடழித்து உருவாக்கிய நிலத்தின் கோகோவை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கக் கூடாது என்று 2023-இல் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. அது நடைமுறைக்கு வரும்வரை தோட்டத்தின் எல்லையை வரைபடத்தில் குறித்துக் காட்டும்படி கேட்பதற்கு வாங்குபவர்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

டோனிஸ் நிறுவனத்திடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. உறையின் உட்புறத்தில் கொள்கைகளை விளக்க அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் கையிலிருக்கும் சாக்லேட்டுக்கான கொட்டைக்கு எந்த அறுவடைப் பருவத்தில், எந்த நாட்டில், கிலோவுக்கு என்ன அரசு விலையும் அதன்மேல் என்ன கூடுதல் தொகையும் கொடுத்தார்கள் என்பதை நான் பார்த்த உறைகளில் காண முடியவில்லை. ஆண்டறிக்கையைத் தேடிப் படிப்பவர்கள் சிலரே. உறையைப் பிரிப்பவர்கள் எல்லோரும். பருவத்துக்குப் பருவம் மாறும் அந்த இரண்டு எண்களையும், கூட்டுறவின் பெயரையும் சிவப்புத் தாளின் உட்புறத்தில் ஒரே வரியில் அச்சிட்டுவிட்டால், பக்கத்து அலமாரியில் இருக்கும் மற்றச் சாக்லேட்டுகளிடமும் அதே வரியை எதிர்பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு வந்துவிடும்.